யாருமில்லாத பாதை: கிராவல் சைக்கிளும் கரிசல் காடும்

அருப்புக்கோட்டைப் பக்கம் 'கிராவல்' என்று சொன்னால் யாருக்கும் சைக்கிள் ஞாபகம் வராது. டிப்பர் லாரிதான் வரும். "அஸ்திவாரத்துக்கு ரெண்டு லோடு கிராவல் அடிக்கணும்", "காட்டுப்பாதைக்கு பஞ்சாயத்துல கிராவல் போட்டிருக்காக", "ராத்திரியோட ராத்திரியா கண்மாய்ல கிராவல் அள்ளிட்டுப் போய்ட்டாங்க" என்றெல்லாம்தான் அந்தச் சொல் புழங்குகிறது. சரளை கலந்த செம்மண். அதற்கு ஒரு விலை உண்டு, ஒரு பர்மிட் உண்டு, சில சமயம் ஒரு வழக்கும் உண்டு. சரளை என்று நல்ல சொல் கையில் இருந்தும், காசு புழங்குகிற இடத்தில் ஆங்கிலச் சொல் வந்து உட்கார்ந்துகொண்டது.

அதே சொல்லை நான் இரண்டாம் முறை கற்றுக்கொண்டது சைக்கிள் வழியாக. கிராவல் சைக்கிள் என்பது ரேஸ் சைக்கிள் மாதிரி வளைந்த ஹேண்டில்பாரும், அதைவிட அகலமான டயரும் கொண்டது. தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் இறங்க வேண்டியதில்லை. இந்தச் சைக்கிளைச் சுற்றி ஒரு எழுத்துவகையே உருவாகியிருக்கிறது. வழித்தடக் குறிப்புகள், பயணக் கட்டுரைகள், கனமான புகைப்படப் புத்தகங்கள். அவற்றில் கணிசமானவை பிரான்ஸின் கிராமப்புறத்தைப் பற்றியவை. எல்லாவற்றிலும் ஒரே வாக்குறுதிதான்: வண்டியே வராத பாதை. கல்வீடுகள், ஒரு ரொட்டிக்கடை, கோதுமை வயல், நடுவே வெள்ளை மண்பாதை, அதில் ஒற்றைச் சைக்கிள். ஊர்க்காரர்கள் யாராவது வந்தால் ரொட்டி விற்பார்கள், இல்லையென்றால் கைகாட்டுவார்கள்.

இந்த எழுத்தை விரும்பிப் படிக்கிறவன் நான். படித்த வேகத்தில் சொந்த ஊரில், அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரை, அதே மாதிரி ஒரு வழித்தடம் போடக் கிளம்பினேன். போட்டு முடிப்பதற்குள் இந்த எழுத்துவகைமேல் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. ஒரு பாதையில் யாருமில்லை என்று எழுதும்போது நாம் எதை எழுதுகிறோம், எதை எழுதாமல் விடுகிறோம்? இந்தக் கட்டுரை அந்தச் சந்தேகத்தைப் பற்றியது.

*

முதலில் பிரெஞ்சுப் பாதைகளுக்கு நியாயம் செய்துவிடுவோம். அவை தாமாக அமைந்தவை இல்லை. பர்கண்டியில் கிவ்ரிக்கும் க்ளூனிக்கும் நடுவே ஓடிய ரயில்பாதை மூடப்பட்ட பிறகு, 1997ல் அது நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்குமான தடமாகத் திறக்கப்பட்டது. 'வ்வா வெர்த்', பசுமைப் பாதை, என்று அங்கே பெயர். 2004ல் பிரான்ஸின் சாலை விதிகளிலேயே இந்தவகைப் பாதைக்கு இடம் கொடுத்தார்கள். மோட்டார் வண்டி உள்ளே வரக் கூடாது. அங்கே பாதை காலியாக இருக்கிறதென்றால், காலியாக இருக்கட்டும் என்று சட்டம் போட்டதால் இருக்கிறது.

இன்னொரு வகை, கால்வாய்க் கரைகள். பிரிட்டானியில் நான்ட் நகரத்தையும் பிரெஸ்ட் துறைமுகத்தையும் இணைக்கிற கால்வாய் நெப்போலியன் காலத்துத் திட்டம். கடல்வழியை ஆங்கிலேயக் கப்பற்படை அடைத்துவைத்திருந்ததால் நிலத்துக்கு உள்ளேயே ஒரு நீர்வழி தேவைப்பட்டது. அதில் க்ளோமெல் என்ற இடத்தில் இருக்கும் ஆழமான வெட்டு, கைதிகளைக் கொண்டு வருடக்கணக்கில் தோண்டப்பட்டது. 1842ல் கால்வாய் திறந்தது. படகுகளைக் குதிரைகள் இழுத்துப்போன கரைதான் இன்றைக்குச் சைக்கிள்காரர்களின் சொர்க்கம். மேடில்லை, பள்ளமில்லை, ஹாரன் இல்லை. குதிரை ஏறுவதற்கு ஏற்ற சரிவில் போட்ட பாதை, முழங்காலுக்கும் ஏற்றதாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். பிரெஞ்சுப் புவியியலாளர்கள் தங்கள் நாட்டின் வரைபடத்தில் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஒரு பட்டையைக் காட்டி அதற்கு 'வெறுமையின் மூலைவிட்டம்' என்று பெயர் வைத்தார்கள். ஜனத்தொகை மெலிந்துபோன பகுதி. பிள்ளைகள் பாரிஸுக்கும் லியோனுக்கும் பிழைக்கப் போனார்கள். முதல் உலகப்போர் பிரான்ஸில் 13 லட்சத்துக்கும் அதிகமான படைவீரர்களைக் கொண்டுபோனது. எவ்வளவு சின்ன ஊராக இருந்தாலும் நடுவில் ஒரு கல்தூண் நிற்கும், அதில் வரிசையாகப் பெயர்கள் இருக்கும். கிராவல் வழிகாட்டிகள் கொண்டாடுகிற அமைதியான பாதைகளில் பலவும் இந்தப் பட்டைக்குள் ஓடுகின்றன. சைக்கிள்காரர் தண்ணீர் பிடிக்க நிற்கும் குழாய்க்குப் பக்கத்திலேயேகூட அந்தத் தூண் நிற்கலாம். குழாய் வழித்தடக் குறிப்பில் இருக்கும். நான் படித்தவற்றில் தூண் இருந்ததில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் சைக்கிளைப் பற்றி மோசமாக எழுதியவர்கள் கிடையாது. ரோலான் பார்த் 1957ல் வெளிவந்த 'மித்தாலஜிஸ்' தொகுப்பில் தூர் த பிரான்ஸ் பந்தயத்தை ஒரு காவியமாக வைத்துப் படித்தார். வீரர்களின் பெயர்கள், அடைமொழிகள், குணமும் கோபமும் உள்ள பாத்திரங்களாக மாறும் மலைகள் எல்லாம் அதில் உண்டு. மோன் வான்தூ மலை அவருக்குப் பலி கேட்கிற ஒரு தெய்வம். நம்மூர் சுடலைமாடனைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கட்டுரை சட்டென்று பிடிபடும். ஆனால் அந்தக் காவியத்தில் நிலம் இருக்கும் அளவுக்கு நிலத்துக்காரன் இல்லை.

பால் ஃபூர்னெல் வேறு மாதிரி. ஜார்ஜ் பெரெக், இத்தாலோ கால்வினோ எல்லாம் இருந்த ஊலிப்போ குழுவைச் சேர்ந்தவர், பிறகு அதன் தலைவராகவும் இருந்தவர். சைக்கிள் உற்பத்திக்குப் பேர்போன சேன்ட் எத்தியேன்காரர். அவருடைய சைக்கிள் புத்தகம் 2001ல் பிரெஞ்சில் வந்து, ஆங்கிலத்தில் 'நீட் ஃபார் த பைக்' என்று கிடைக்கிறது. குட்டிக்குட்டிக் கட்டுரைகள். நிலத்தைக் கண்ணால் பார்ப்பதற்கும் தொடையால் படிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை இவ்வளவு சிக்கனமாக எழுதிய இன்னொருவரை எனக்குத் தெரியாது. சைக்கிள் ஓட்டத் தெரியாத நண்பர்களுக்கும் நான் சிபாரிசு செய்கிற புத்தகம் அது. ஆனாலும் என் வாசிப்பில் அதன் மையம் ஓட்டுகிறவரின் உடல்தான். சாலை அந்த உடலுக்குள் போய்ச் சேர்வதோடு விஷயம் முடிகிறது. அது ஃபூர்னெலின் குறை என்று சொல்லமாட்டேன், அவர் எடுத்துக்கொண்ட வேலை அது. அவரைப் பார்த்து எழுதுகிறவர்கள் அந்த எல்லையையே இலக்கணம் ஆக்கிக்கொண்டதுதான் சிக்கல். உடம்பு ஒன்று, பாதை ஒன்று, நடுவில் யாரும் இல்லை.

அதே சேன்ட் எத்தியேனில் அவருக்கும் முன்னால் ஒருவர் இருந்தார். 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதிய பால் த விவி. பந்தயத்துக்காக இல்லாமல் ஊர் பார்க்கச் சைக்கிள் ஓட்டுவதை ஒரு வாழ்க்கைமுறையாகவே பிரச்சாரம் செய்தவர், சைக்கிளுக்கென்று பத்திரிகை நடத்தியவர். 1930ல், எழுபது வயதைத் தாண்டியவர், அதே சேன்ட் எத்தியேன் தெருவில் டிராம் மோதி இறந்துபோனார். வண்டியில்லாப் பாதைக்கு ஏன் இவ்வளவு ஏக்கம் என்று கேட்கிறவர்களுக்கு இந்த ஒரு தகவல் போதும். அந்த ஏக்கத்தை நான் கிண்டல் செய்யவில்லை. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடி போகிற நான்குவழிச் சாலையின் ஓரத்தில் சைக்கிள் ஓட்டிப் பார்த்தவர்கள் யாரும் கிண்டல் செய்ய முடியாது.

*

பிரெஞ்சுக்காரர்களை மனதில் வைத்துக்கொண்டு நம்மூர் வரைபடத்தைத் திறந்தேன். வேலை மென்பொருளில் என்பதால் எனக்கு இதெல்லாம் விளையாட்டு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் மண்பாதைகளுக்கு கிரேட் 1 முதல் 5 வரை தரம் பிரித்திருப்பார்கள். ஒன்று கெட்டிப்பாதை, ஐந்து என்றால் புல்லும் மண்ணும் மட்டும். அதோடு ஸ்ட்ராவாவின் வெப்ப வரைபடத்தைச் சேர்த்துப் பார்த்தால், சைக்கிள்காரர்கள் எங்கே அதிகம் போகிறார்கள் என்பது வெளிச்சக் கோடுகளாகத் தெரியும். எங்கள் பக்கம் நான்குவழிச் சாலை மட்டும் மின்னியது. கிழக்கே திருச்சுழி, நரிக்குடி, தெற்கே பரளச்சி எல்லாம் கும்மிருட்டு.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இருட்டாக இருந்தால் யாரும் போவதில்லை, யாரும் போகாவிட்டால் சொர்க்கம்.

நிரல் எழுதுகிறவர்களுக்கு முதல் வருடத்திலேயே மண்டையில் குட்டிச் சொல்லிக்கொடுக்கிற பாடம் ஒன்று உண்டு. பூஜ்யம் வேறு, 'நல்' வேறு. ('நல்' என்பதற்கும் நல்லதற்கும் சம்பந்தமில்லை.) பூஜ்யம் என்றால் எண்ணிப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. நல் என்றால் எண்ணவே இல்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துக் கணக்குப் போட்டால் எங்கேயாவது ஒரு நாள் வெடிக்கும். பிரெஞ்சு வ்வா வெர்த்தில் வண்டிகளின் எண்ணிக்கை பூஜ்யம், சட்டம் போட்டு உண்டாக்கிய பூஜ்யம். திருச்சுழிக் காட்டில் என் திரை காட்டியது நல். ஜிபிஎஸ் கடிகாரம் கட்டாத ஆட்கள் எத்தனை பேர் அங்கே போனாலும் அந்த வரைபடம் எண்ணாது. நான் நல்லைப் பூஜ்யமாகப் படித்துவிட்டேன். கிராவல் எழுத்தின் பெரும்பகுதி இந்த ஒரே பிழையின்மேல் கட்டியது என்று இப்போது தோன்றுகிறது.

முதல் நாள் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினேன். தார் ரோட்டைவிட்டு மண்பாதையில் இறங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, எதிரே ஒரு டி.வி.எஸ். எக்ஸெல். பின்னால் ஈரத்துணி போட்டுக் கட்டிய மூட்டை. வாசனை முதலில் வந்தது, வண்டி பிறகு வந்தது. மல்லிகை. விடிவதற்கு முன்னால் மொட்டாகப் பறித்து மார்க்கெட்டில் சேர்த்துவிட வேண்டும், மலர்ந்தால் விலை போகாது. அடுத்தடுத்து மூன்று வண்டிகள். அந்தப் பாதையில் நெரிசல் நேரமே உண்டு, அது ஐந்தரை மணியோடு முடிந்துவிடுகிறது. எந்த வரைபடத்திலும் இல்லாத ட்ராஃபிக்.

எட்டு மணிக்குமேல் ஆடுகள். கிடை போட்ட காட்டிலிருந்து அடுத்த காட்டுக்கு மாறிப் போகிற கூட்டம் ஒன்று வந்தால் பத்து நிமிடம் ஓரமாக நிற்க வேண்டும். ஒன்பதரைக்கு நூறு நாள் வேலைக்காரர்கள். பெரும்பாலும் பெண்கள், வயதானவர்கள், மண்வெட்டியும் இரும்புச் சட்டியுமாக. நான் கிரேட் 2 என்று குறித்துவைத்திருந்த அந்த வழுவழுப்பான கண்மாய்க்கரையை அப்படி வைத்திருந்தவர்கள் அவர்கள்தான். கரையில் முளைத்ததை வெட்டி, மழையில் கரைந்த இடத்தில் மண்போட்டுத் தட்டியவர்கள். பிரான்ஸில் கைதிகள் வெட்டிய கால்வாய்க் கரையை ரசிக்கிறோம். இங்கே ஆத்தாமார்கள் தட்டிய கரை. இரண்டுமே வழித்தடக் குறிப்பில் 'நல்ல பிடிமானமுள்ள தளம்' என்ற மூன்று வார்த்தையாகச் சுருங்கிவிடுகிறது.

*

கண்மாய்க்கரைதான் இந்த நிலத்தின் உண்மையான கிராவல் பாதை. ஆறு என்று பார்த்தால் குண்டாறு, அதுவும் வருடத்தில் பெரும்பகுதி மணல்தான். வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற சில வாரத் தண்ணீரைப் பிடித்துவைக்க, ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகிற மாதிரி சங்கிலியாகக் கட்டினார்கள். கரை பிறைபோல வளைந்து போகும். ஒரு பக்கம் உள்வாய், மறுபக்கம் வயல், இடையிடையே மடை. வண்டி மாடு போகிற அகலம். தரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி உயரத்தில் போவதால் தூரத்துக் கோபுரம்வரை தெரியும். நான்ட்–பிரெஸ்ட் கால்வாய்க் கரைக்கு எங்கள் ஊர்ப் பங்காளி என்று தைரியமாகச் சொல்லலாம்.

இரண்டையும் பங்காளி என்று சொல்ல மண்ணும் சம்மதிக்க வேண்டுமே. கரிசல், காய்ந்திருக்கும்போது சிமெண்டுத் தரை. சித்திரையில் சைக்கிள் டயரை விழுங்குகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஒரு மழை பெய்துவிட்டால் போச்சு. சக்கரத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவே அப்பி, இறுகி, சக்கரம் சுற்றவே சுற்றாது. சைக்கிளைத் தோளில் தூக்க வேண்டும், ஒட்டிய மண்ணின் எடையோடு. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் நடக்கிற 'அன்பவுண்ட்' என்கிற இருநூறு மைல் கிராவல் பந்தயத்திலும் மழை வந்தால் இதே கதைதான். அந்தப் பந்தயத்தின் பழைய பெயர் அந்த நிலத்தின் பூர்வகுடிகளான கான்சா மக்களின் பெயரைக் கொச்சையாகப் பயன்படுத்தியது. 2020ல் பெயரை மாற்றினார்கள். காலியான நிலம் என்று நினைத்துப் பந்தயம் வைத்த இடத்தில் ஏற்கெனவே ஒரு பெயரும் ஒரு ஜனமும் இருந்தது அங்கேயும் நடந்திருக்கிறது.

முள்ளைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். கண்மாய் உள்வாய் பூராவும் சீமைக் கருவேலம். 2017ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வெட்டச் சொன்னபோது ஊரெல்லாம் பொக்லைன் இறங்கியது. பிறகு மறுபடி முளைத்தது. அதைத் திட்டுகிறவர்களும் அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கித்தான் கஞ்சி குடிக்கிறார்கள். காடு விளையாத வருடங்களில் அந்த முள்தான் விளைச்சல். என் இரண்டு டயரிலும் அதன் கையெழுத்து உண்டு.

*

இந்தப் பாதைகளில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி எதுவாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? 'எங்கிருந்து வர்றீங்க', 'சைக்கிள் என்ன விலை' என்று எதிர்பார்த்தேன். ஹேண்டில்பாரில் இருந்த ஜிபிஎஸ் திரையைப் பார்த்துவிட்டு, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கேட்டார்:

"அளக்க வந்தீகளாய்யா?"

"இல்லம்மா, சும்மா சைக்கிள் ஓட்டுறேன்."

"சும்மா எதுக்கு இந்தக் காட்டுக்குள்ள வாரீக? சோலாருக்கு இடம் பாக்கவா?"

பக்கத்துக் கமுதியில் 2016ல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. அதன்பின் இந்த வட்டாரத்தில் கையில் ஒரு கருவியோடு காட்டுக்குள் திரிகிறவனுக்கு ஒரே அர்த்தம்தான். 'காலி நிலம்' என்று ஒருவன் சொன்னால் அடுத்தது பத்திரம். அந்த அம்மாவின் கேள்வியில் பயம் இருந்ததா, ஆசை இருந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டுமே இருந்திருக்கலாம். ஆனால் என் வழித்தடக் குறிப்பில் நான் எழுதிவைத்திருந்த முதல் வாக்கியம் 'பரந்த வெட்டவெளி' என்பதுதான். அதைத்தான் நிலத்தரகர்களும் சொல்கிறார்கள்.

இரண்டாவது கேள்வி, ஒரு மடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாத்தா கேட்டது: "யாரு வீட்டுப் புள்ளப்பா நீ?" தெற்கே பிறந்த எல்லோருக்கும் இந்தக் கேள்வி தெரியும். அதில் பிரியம் இருக்கிறது. அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. நான் தாத்தா பெயரையும் தெருவையும் சொன்னேன். அவர் முகம் இளகியது. "அடடே, அவுக பேரனா, வாப்பா" என்று பதநீர் வாங்கிக் கொடுத்தார். அப்போது அது எனக்கு இனிப்பான ஒரு அனுபவக் குறிப்பு. ஊருக்குள் புகுந்து மெயின் தெரு வழியாகவே ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை.

*

இந்த நிலத்தின் வெறுமையை எழுதிய தமிழ்ப் படைப்பு என்று எனக்கு முதலில் நினைவுக்கு வருவது எஸ். ராமகிருஷ்ணனின் 'நெடுங்குருதி'. அவர் மல்லாங்கிணறுக்காரர், எங்கள் பக்கம்தான். நாவல் எறும்புகள் ஊரைவிட்டு வெளியேறுவதில் தொடங்குகிறது. ஒரு சிறுவன் அதைப் பார்க்கிறான். கிராவல் எழுத்துக்கு நேரெதிரான தொடக்கம் இது. பாதை காலியாவது இங்கே ஒரு சம்பவம். யாரோ கிளம்புகிறார்கள், யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வேம்பலை என்ற அந்த ஊரின் தெருவில் வெயில் ஒரு பாத்திரமாக நடமாடுகிறது. கல்லூரிக் காலத்தில் அதைப் படித்தபோதுதான் நான் பிறந்த நிலம் எழுதத் தகுந்தது என்றே எனக்குத் தெரிந்தது. அந்தக் கடன் தீராது.

இப்போது திரும்பப் படிக்கும்போது ஒரு நெருடல் வருகிறது. அந்த நாவலில் வெயிலுக்கு இருக்கும் உயிர் கண்மாய்க்கு இல்லை. வறட்சி ஒரு சாபம்போல, ரத்தத்தில் ஓடுவதுபோல வருகிறது. தலைப்பே அதைத்தான் சொல்கிறது. நான் பார்த்த நிலத்தில் வறட்சிக்கு மடை உண்டு, ஷட்டர் உண்டு, தூர்ந்துபோன வரத்துக்கால் உண்டு, அதை ஆக்கிரமித்தவர் பெயர் உண்டு. திருச்சுழித் தலபுராணமே ஒரு வெள்ளத்தின் கதை. ஊழிவெள்ளத்தைச் சிவன் பூமிக்குள் சுழித்து இறங்கும்படி செய்தார் என்பதால் ஊருக்குச் சுழியல் என்று பெயர். தண்ணீரை என்ன செய்வது என்று யோசித்த ஊர் அது. அந்த ஊரிலிருந்து கிளம்பிப்போனவர்களில் மிகப் பிரபலமானவர், 1879ல் அங்கே பிறந்த ரமண மகரிஷி. மற்றவர்கள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள். அவர் போனதற்கு ஞானம் என்று பெயர். மற்றவர்கள் போனதற்குப் பெயர் ஒன்றும் வைக்கவில்லை.

கிராவல் எழுத்து வெறுமையை அழகாக்குகிறது. 'நெடுங்குருதி' அதை விதியாக்குகிறது. இரண்டாவது எவ்வளவோ மேலான இலக்கியம், சந்தேகமில்லை. ஆனால் வெறுமை எப்படி உண்டானது, யார் உண்டாக்கியது, யாருக்கு அது வசதி என்கிற கேள்விகள் இரண்டிலும் நழுவிப் போகின்றன. இதை எனக்கு உணர்த்தியது எந்தப் புத்தகமும் இல்லை, ஒரு பையன்.

*

நான்காவதோ ஐந்தாவதோ முறை போனபோது நடந்தது. ஊரின் பெயர் வேண்டாம். எந்த ஊராகவும் இருக்கலாம் என்பதுதான் விஷயமே. பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்த ஒரு பையன், அரசு கொடுத்த விலையில்லாச் சைக்கிளில், என்னோடு போட்டி போட்டுக்கொண்டு வந்தான். என் சைக்கிளைவிட இரண்டு மடங்கு எடை இருக்கும் அது. மண்ணில் என்னைவிட நன்றாக ஓட்டினான். எங்கே பள்ளம், எங்கே முள் என்று அவனுக்கு மனப்பாடம். ஊர் நெருங்கும்போது நான் நேராகப் போகப் பார்த்தேன். அவன் சட்டென்று இடதுபக்கம் திரும்பினான்.

"இங்கிட்டுப் போவோம்ண்ணே."

"நேரா போனா கிட்டக்கத்தானே?"

"நாங்க இங்கிட்டுத்தாண்ணே போவோம்."

போனேன். ஓடைக்குள் இறங்கி, பனைமரங்களுக்கு நடுவே ஒரு சரளைத் தடம். பிறகு கண்மாய்க்கரையில் ஏறி, முழு வளைவையும் சுற்றி, குதிரைவாலிக் காட்டின் ஓரமாக ஊரின் பின்பக்கம் வந்து சேர்கிறது. இரண்டு கிலோமீட்டர் சுற்று. சாயங்கால வெயில் நீரில் விழுந்து, கொக்குகள் திரும்பி வருகிற நேரம். நான் ஓட்டியதிலேயே ஆக அழகான தடம். ஒரு ஆள் இல்லை. வீட்டுக்கு வந்து அந்தத் துண்டை மட்டும் தனியாக வெட்டி, நட்சத்திரக் குறி போட்டு வைத்தேன். வழித்தடத்தின் உச்சமே அதுதான் என்று முடிவும் செய்துவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரி கோட்டைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது உறைத்தது. அது ஊருக்குள் ஒரு இடத்தில்கூட நுழையவில்லை. எந்த வீட்டிலிருந்தும் ஏறக்குறைய ஒரே தூரம் தள்ளி, காம்பஸ் வைத்துப் போட்டதுபோல ஊரைச் சுற்றிக்கொண்டு போய், காலனியில் முடிகிறது.

தென்மாவட்டங்களில் தலித் மக்கள் ஊர்த்தெரு வழியாகச் சைக்கிளில் உட்கார்ந்து போகக் கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்கிற கட்டுப்பாடு, தீண்டாமை பற்றிய கள ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. நான் அதை வாசித்தவன்தான், விவாதங்களில் மேற்கோள் காட்டியவன்தான். ஆனால் அது ஒரு நிலவியலாகவும் இருக்கும், தலைமுறை தலைமுறையாக மிதித்து மிதித்து வழுவழுப்பான ஒரு தடமாகவும் இருக்கும் என்று தோன்றியதே இல்லை. அந்தப் பையனை யாரும் இன்றைக்கு இறங்கச் சொல்வார்களா என்று எனக்குத் தெரியாது. அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பழக்கம் என்றுகூட அவன் நினைத்திருக்கலாம். 2025ல் அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். நல்ல காரியம். சொல்லை நீக்கிவிடலாம், அந்த இரண்டு கிலோமீட்டர் தரையில் கிடக்கிறது.

நான் வண்டியில்லாப் பாதை என்று நட்சத்திரம் போட்டது, ஒரு தெருவுக்குப் பயந்து உண்டான பாதை. அதன் அமைதி எனக்குக் கிடைத்த பரிசு. அவனுக்கு அது தினமும் கட்டுகிற இரண்டு கிலோமீட்டர் அபராதம். என்றாலும் அவன் அதில் ஹேண்டிலை விட்டுவிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டினான். அந்தக் கரையில் அவனை யாரும் பார்ப்பதில்லை என்பதால் வந்த சுதந்திரமாகவும் அது இருக்கலாம். இதை நான் எளிதாக ஒரு பக்கம் சாய்த்து எழுதிவிட முடியாது.

இந்தக் கட்டுரையின் முதல் வரைவைப் படித்த தோழி ஒருத்தி இன்னொன்று சொன்னாள்: "ஆளே இல்லாத ரோடுன்னா உனக்கு சொர்க்கம். எனக்கு அங்க எப்படா ஒரு ஆள் வருவாங்கன்னு இருக்கும். வந்தா அதைவிடப் பயம்." 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்ததை பி. சாய்நாத் தன் 'எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்' புத்தகத்தில் எழுதியிருக்கிறார். குவாரியில் வேலைசெய்த பெண்களும் விவசாயக் கூலிகளும் ஆயிரமாயிரமாக ஏறினார்கள். அந்தப் பெண்கள் தேடியது ஆளில்லாப் பாதையை இல்லை. பஸ் ஸ்டாண்டையும் மெயின் ரோட்டையும் தேடினார்கள், கூட்டமாக, பகலில், எல்லோரும் பார்க்க. தமிழில் சைக்கிளைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதப்பட்டால் அது அங்கிருந்துதான் தொடங்கும் என்று நினைக்கிறேன். ஃபூர்னெலின் தனிமை அதில் கடைசி அத்தியாயமாக வரலாம், எல்லோரும் தெருவில் ஓட்டி முடித்த பிறகு.

*

வழித்தடக் குறிப்பு என்பதும் ஒரு இலக்கிய வடிவம்தான் என்பது என் துணிபு. தூரம், ஏற்றம், தளம், தண்ணீர் கிடைக்கும் இடம் என்று நான்கு தகவலை வைத்து ஒரு நிலத்தை இன்னொருவர் உடம்புக்குள் ஏற்றுகிற வடிவம். அதில் ஐந்தாவதாக ஒன்று சேர வேண்டும்: இந்தத் தடம் ஏன் இங்கே இருக்கிறது. வருவாய்த்துறையின் அ-பதிவேடு அதைப் பாதியாவது செய்கிறது. 'வண்டிப்பாதை' என்று புறம்போக்காகக் குறித்திருந்தால், அந்தப் பாதையில் போக எல்லோருக்கும் உரிமை உண்டு என்பதற்கு ஒரு எழுத்துச் சாட்சி கிடைக்கிறது. எங்கள் வழித்தடக் குறிப்புகள் அந்தக் குமாஸ்தா அளவுக்குக்கூடக் கவனமாக இல்லை.

என் ஜிபிஎக்ஸ் கோப்பை இன்னும் வெளியிடவில்லை. பாதி திருத்தியிருக்கிறேன். 'பரந்த வெட்டவெளி' போய்விட்டது. ஐந்து மணிக்கு மல்லிகை வண்டிகளுக்கு வழிவிடவும் என்று இருக்கிறது. கரை யார் தட்டியது என்று இருக்கிறது. மடைகளுக்கு ஊரில் வழங்கும் பெயர்களைக் கேட்டுக் கேட்டு வரைபடத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

அந்த இரண்டு கிலோமீட்டரைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. வைத்தால், ஒரு விலக்கைச் சுற்றுலாத் தலமாக்கியவன் ஆவேன். எடுத்துவிட்டு ஊர்த்தெரு வழியாகக் கோட்டை இழுத்தால், எனக்குத் திறக்கிற தெரு எல்லோருக்கும் திறக்கிறது என்று பொய் சொன்னவன் ஆவேன். அடுத்த முறை போகும்போது அந்தப் பையனைத் தேடிப் பார்க்க வேண்டும். பார்த்தால், தெரு வழியாகச் சேர்ந்து ஓட்டுவோமா என்று கேட்க நினைக்கிறேன். கேட்பது எனக்குச் சுலபம். நாளைக்கும் அந்த ஊரில் இருக்கப்போகிறவன் அவன்.